தெற்குப் பக்கத்து இருள்

சென்ற வாரம் சபைக் கமிட்டியில் நான் எழுப்பிய ஒரு பொருள் உங்களில் சிலருக்கு வியப்பையும் சிலருக்கு வருத்தத்தையும் தந்திருக்கிறது என்று அறிகிறேன். நம் ஆலயத்தின் பின்புறம், கல்லறைத் தோட்டத்தையும் அதற்கப்பால் உள்ள பாறையையும் நோக்கி, அக்டோபர் மாதத்தில் நாம் பொருத்திய ஃபோகஸ் லைட்டைப் பற்றியது அது. "ஐயாவே கேட்டு வாங்கிய விளக்கு, இப்போது ஐயாவே வேண்டாம் என்கிறாரே" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அந்தப் பேச்சில் தவறில்லை. கேட்டவன் நான்தான். புதன்கிழமை மாலை ஜெபம் முடிந்து இறங்கிய நம் சகோதரி ஒருவர் பின்படியில் கால் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டபோது, இனி ஒரு நாளும் இந்த இடம் இருட்டாய் இருக்கலாகாது என்று கமிட்டியில் உரக்கப் பேசியவனும் நான்தான். ஒரு குடும்பத்தார் தங்கள் தாயாரின் நினைவாக அந்த விளக்கை மனமுவந்து அளித்தனர். கல்வெட்டும் பதித்தோம்.

பின்னர் நடந்தவற்றை உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. கமிட்டியில் ஐந்து நிமிடங்களில் சொல்ல முடியவில்லை. ஆகையால் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

நம் சபையில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். உங்களுக்குத் தெரிந்துவிடும், அது வேறு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கேழ்வரகுக் கொல்லையில் பரண் கட்டி இரவுக் காவல் இருந்தவர் அவர். நம் தளிப் பகுதியில் இது எத்தகைய வேலை என்று நான் விளக்க வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழியில் கதிர் முற்றும் வேளையில் பன்னேருகட்டா பக்கத்திலிருந்து யானைகள் கூட்டமாய் இறங்கி வரும். ஜவளகிரிக் காடும் தேன்கனிக்கோட்டைக் காடும் அவற்றுக்கு வழி. ஓர் இரவு கண்ணயர்ந்தால் ஓராண்டு உணவு போயிற்று. தகர டப்பாவும் தீப்பந்தமும் வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்த அந்த மனிதரிடம் கைக்கடிகாரம் இருந்ததில்லை.

அவரிடம் நான் வானத்தைக் கற்கத் தொடங்கியது 2020ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று. வியாழனும் சனியும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் தோன்றும் என்றும், அதுவே பெத்லகேமின் நட்சத்திரம் என்றும் வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்துகொண்டிருந்த நாள் அது. பெருந்தொற்றின் காரணமாய்க் கூட்டங்கள் சுருங்கி, நானும் மனம் சுருங்கி இருந்த காலம். சூரியன் மறைந்த பின் பாறைமேல் ஏறித் தென்மேற்கைத் தேடிக்கொண்டிருந்தேன். எந்த ஒளி எது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்து நின்ற பெரியவர் கையை நீட்டி, "அதா, தாழ இருக்குது பாருங்க ஐயா. ரெண்டும் கோளு. மினுக்காம நிக்குதில்ல?" என்றார். முழுநிலவின் குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கே இடைவெளியாக அவ்விரண்டும் நின்றன. மாகேயுவான் சாஸ்திரிகள் கண்டது இத்தகைய ஒன்றா என்று என்னைக் கேட்போருக்கு ஒன்று சொல்லுவேன். அப்படிக் கணக்கிட்டோர் உண்டு. கெப்ளரும் அவர்களில் ஒருவர். ஆனால் வேதம் சொல்லாத ஒன்றை நான் பிரசங்க மேடையில் உறுதியாய்ச் சொல்லமாட்டேன். அன்றிரவு எனக்கு வாய்த்தது வேறொன்று. "கெழக்கால திரும்புங்க, இன்னும் நல்லா இருக்கும்" என்று பெரியவர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

கிழக்கே மூன்று விண்மீன்கள் ஒரே கோட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்துகொண்டிருந்தன. மேல்நாட்டார் ஒரையன் என்றும் வேட்டைக்காரன் என்றும் அழைக்கும் உருவின் இடைக்கச்சை அவை. நம் தமிழ் வேதாகமம் யோபின் புத்தகத்திலும் ஆமோசிலும் இந்த உருவை மிருகசீரிஷம் என்கிறது. பஞ்சாங்கக்காரர்கள் மிருகசீரிடம் என்பது அதன் தலைப்பக்கத்தில் உள்ள சிறு விண்மீன்களை மட்டுமே. மொழிபெயர்த்தவர்கள் அப்பெயரை முழு உருவுக்கும் விரித்துவிட்டார்கள். பெரியவருக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்கு அது "மூணு". மூணு கிளம்பும்போது பரணில் ஏற வேண்டும். மூணு தலைக்கு மேல் வந்தால் பாதி இரவு. மூணு மேற்கே சாய்ந்து படுத்தால் கோழி கூவும்.

இதை நான் முதலில் கிராமத்துப் பேச்சாகவே எண்ணினேன். பின்னர் புத்தகத்தை வைத்துச் சரிபார்த்தபோதுதான் அதன் துல்லியம் விளங்கிற்று. டிசம்பர் நடுவில் அந்த உருவம் சூரியனுக்கு நேரெதிரே நிற்கிறது. ஆகவே மாலையில் எழுந்து, நள்ளிரவில் உச்சியை அடைந்து, விடியலில் மறைகிறது. இடைக்கச்சை வான நடுக்கோட்டின்மேல் இருப்பதால் நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் இறங்குகிறது. எழுந்து மறைய ஏறத்தாழ பன்னிரண்டு மணிநேரம். கேழ்வரகு முற்றும் மாதமும் யானை இறங்கும் மாதமும் இதுவே. காவற்காரனுக்கு முழு இரவு விளக்கு தேவைப்படும் பருவத்தில் முழு இரவும் நடக்கும் கடிகாரம் அங்கே தொங்குகிறது.

அன்று தொடங்கி இரண்டு ஆண்டுகள் அவரிடம் பயின்றேன். அறுமீனில் எத்தனை எண்ண முடிகிறது என்பதே அவர் வைக்கும் முதல் பரீட்சை. அவருக்கு ஆறு, கண்ணாடி போட்ட எனக்கு நான்கு. நேராக முறைத்துப் பார்க்காமல் சற்று ஒதுக்கிப் பார்த்தால் மங்கலான ஒளி தெரியும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அவரே. விழித்திரையின் நடுப்பகுதி பகலுக்கும் அதன் சுற்றுப்பகுதி இருளுக்கும் உரியது என்பதை நான் பின்னர்தான் படித்தேன். அவ்வாறு பார்த்துத்தான் இடைக்கச்சைக்குக் கீழே புகைபோலத் தொங்கும் ஒளித்திட்டைக் கண்டேன். அது விண்மீன்கள் பிறக்கும் ஒரு மேகம்; அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கேட்டிருக்கிறீர்கள். "நட்சத்திரம் பார்ப்பது விசுவாசிக்குத் தகுமா?" என்று. ஜாதகம் கணிப்பது வேறு, வானத்தைப் பார்ப்பது வேறு. கார்த்திகை, திருவாதிரை, சித்திரை, சுவாதி என்பன நிலா தன் சுற்றில் நாள்தோறும் கடக்கும் இடங்களின் அடையாளங்கள். 27 நாட்களில் ஒரு சுற்று முடிவதால் 27 பெயர்கள். முழுநிலா எந்த விண்மீன் அருகே நிற்கிறதோ அதன் பெயரே மாதத்துக்கு. திருவாதிரை என்பது வேட்டைக்காரனின் தோளில் சிவந்து எரியும் பெரிய விண்மீன். இவை நம் முன்னோர் வயலிலும் கடலிலும் வழிகாண வைத்த பெயர்கள். அவற்றை விட்டுவிட்டால் நாம் பரிசுத்தமடைவதில்லை. சொந்த மொழியில் வானத்தைச் சுட்டிக்காட்டச் சொல்லில்லாதவர்கள் ஆகிறோம், அவ்வளவே.

மூன்றாம் ஆண்டில் பெரியவரின் கண்கள் மங்கின. இரண்டிலும் புரை. அறுவைச் சிகிச்சைக்கு அவர் ஒப்பவில்லை. வயலை விற்ற பிறகு இனி எதைப் பார்க்கப் போகிறேன் என்பார். எவ்வளவோ வற்புறுத்திய பின், கடந்த நவம்பரில் ஒரு கண்ணுக்கும் டிசம்பரில் மறு கண்ணுக்கும் சிகிச்சை நடந்தது. சொட்டு மருந்து முடியும்வரை தலையைக் குனியாமல், புகையில் நிற்காமல், சொன்னபடியெல்லாம் கேட்டு இருந்தார். பொங்கல் கழிந்த வாரம், நிலா இல்லாத ஓர் இரவு ஒன்பது மணிக்கு, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு குருமனை வாசலில் வந்து நின்றார். "பாறைக்குப் போலாமா, ஐயா?"

கூட்டிப் போனேன். நான் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். பாறையின்மேல் அவரை உட்காரவைத்தோம். அவர் தலையை உயர்த்தி நெடுநேரம் பார்த்தார். கைகளால் கண்களைத் துடைத்தார். மீண்டும் பார்த்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னும் புகை மாதிரியேதான் இருக்குது, ஐயா. மூணு தெரியுது. மத்தது ஒண்ணும் தெரியல. ஆப்பரேசன் எனக்குச் சரியா ஆவலையோ?"

நான் பேச்சற்று நின்றேன். அவருடைய முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் எனக்குத் தெளிவாய்த் தெரிந்தது. பாறையில் எங்கள் மூவரின் நிழலும் மை பூசினாற்போல் விழுந்திருந்தது. நம் ஃபோகஸ் லைட் நேராக எங்கள்மீது எரிந்துகொண்டிருந்தது. மூன்று மாதங்களாக நான் இரவில் அந்தப் பக்கம் போகவே இல்லை. பண்டிகைக் கால வேலைகள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு, பெரியவரே. விளக்குதான்" என்று சொல்லிவிட்டு வெஸ்ட்ரி அறைக்கு ஓடிச் சுவிட்சை அணைத்தேன். திரும்பி வந்தபோது அவர், "ஏன் ஐயா அணைச்சீங்க? யாராச்சும் விழுந்துடப் போறாங்க" என்றார். விழுந்த சகோதரி அவருடைய தம்பி மகள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். பேரன் தன் கைப்பேசியை எடுக்கப் போனான், வேண்டாம் என்றேன். ஓர் ஒளிக்கீற்று பட்டாலும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். தூரத்தில் நாய் குரைத்தது. ஓசூர்ச் சாலையில் இரண்டாம் ஷிப்டுக்காரர்களை அழைத்துவரப் போகும் கம்பெனிப் பேருந்து சென்றது. அதன்பின் பெரியவர் தலையை அசைக்காமலே எண்ணத் தொடங்கினார். அறுமீனில் ஐந்து எண்ணினார். "ஒண்ணு போச்சு, பரவால்ல" என்றார். பிறகு தெற்கே, சற்றுக் கிழக்காக, காட்டின்மேல் எழும்பி நின்ற பெரிய வெண்ணிற விண்மீனைப் பார்த்தார். அகத்தியர் என்று நம் முன்னோர் அழைத்த விண்மீன் அது. இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடியாக ஒளிமிக்கது. அதைப் பார்த்த பின் அவர் ஒன்றும் பேசவில்லை.

பிரியமானவர்களே, அந்தத் தெற்குத் திசையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஏறத்தாழ பன்னிரண்டரைப் பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை முழுதும் நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால், அதன் உயரம் பத்துப் பாகை. அதற்குச் சற்று மேலே. அங்கே இன்று என்ன இருக்கிறது? நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால் பெங்களூரு. இரவெல்லாம் வெந்த செங்கல்லின் நிறத்தில் அந்த அடிவானம் கிடக்கிறது. வடகிழக்கே ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டையின் விளக்குகள். அங்கேதான் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், அங்கிருந்துதான் நம் வீடுகளுக்குச் சம்பளம் வருகிறது. அவ்வொளியைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் நமக்கு வடக்கு வானம் பெரும்பாலும் போயிற்று. நம் இளைஞரில் எத்தனை பேர் துருவ நட்சத்திரத்தைக் கண்டிருக்கிறார்கள் என்று ஓய்வுநாள் பள்ளியில் கேட்டேன். ஒரு கையும் எழவில்லை.

தெற்கே அப்படியல்ல. தெற்கே காடு. 2014இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காவிரி வடக்குக் காடும் அதையொட்டிய காடுகளும் காவிரி வரை பரந்துள்ளன. அங்கே விளக்கு இல்லை. ஐரோப்பாவில் வாழ்வோர் பிறந்த ஊரிலிருந்து ஒருநாளும் காண முடியாத தென்வானத்துச் செல்வங்கள் நம் பாறையிலிருந்து தெரிவது இதனால்தான். யோபின் புத்தகம் 9ஆம் அதிகாரத்தில் அறுமீனோடு சேர்த்துத் தட்சண மண்டலங்களையும் குறிப்பிடுகிறது. பல ஆண்டுகள் அச்சொல்லை வாசித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போயிருக்கிறேன். அது ஆலயத்தின் பின்பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நமக்கு நேர் கிழக்கே, அதே அட்சரேகையில், ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. பெயரிலேயே காவல் இருப்பதைப் பெரியவர் கேட்டு மகிழ்ந்தார். வைணு பாப்பு என்னும் வானியலாளர், நகர ஒளியற்ற, வடவானமும் தென்வானமும் ஒருங்கே தெரியும் இடத்தைத் தேடி அம்மலையைத் தெரிந்துகொண்டு, 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு பணியைத் தொடங்கினார். 1977 மார்ச்சு 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தபோது, கோள் வருமுன்னரே அவ்விண்மீனின் ஒளி சற்று மங்கியதை அங்கே பதிவு செய்தனர். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த இரவு அது. நம் நாட்டிலேயே செய்யப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை அங்கே நிறுவ வேண்டும் என்பது பாப்புவின் கனவு. அது 1986இல் திறக்கப்பட்டது. அவரோ 1982இலேயே காலமானார். நேபோ மலையில் நின்ற மோசேயை எண்ணாமல் என்னால் இதைச் சொல்ல முடிவதில்லை. இருளைத் தேடி மலைமேல் போனார் அவர். நமக்கு அந்த இருள் கொல்லைப்புறத்தில் கிடைத்தது. மூன்று மாதங்களுக்குமுன் அதன்மேல் விளக்கைத் திருப்பினோம்.

வரும் மாதங்களில் என்னென்ன தெரியும் என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிக்கு அகத்தியர் நேர் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் நிற்கும். லெந்து நாட்களின் அதிகாலை ஜெபத்துக்கு நான்கு மணிக்கு வருகிறவர்கள் மார்ச்சில் தெற்கே திரும்பினால் தேள் உருவம் முழுமையாய், கொடுக்கும் வளைவும் தெரிய நிற்கும். அதன் நெஞ்சில் சிவந்திருப்பது கேட்டை. அதற்குக் கிழக்கே பால்வெளி மிகவும் அடர்ந்திருக்கும். ஈஸ்டர் அதிகாலையில் மட்டும் பால்வெளியை எதிர்பார்க்க வேண்டாம். மார்ச்சு 21ஐ ஒட்டியோ அதன் பின்னோ வரும் முதல் முழுநிலாவை அடுத்த ஞாயிறே உயிர்த்தெழுதல் பண்டிகை என்பதால், அந்த விடியலில் தேய்பிறை நிலா எப்போதும் வானில் இருக்கும். கல்லறைக்குப் போன ஸ்திரீகளுக்கும் அந்த நிலா வழிகாட்டியிருக்கும் என்று எண்ணுவதுண்டு. ஜூன் முதல் அக்டோபர் வரை மேகம், அப்போது உறங்கலாம்.

மே மாதமே நம் பாறைக்கு உச்சப் பருவம். மே நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு அடிவானத்தின்மேல் நான்கு விண்மீன்கள் செங்குத்தாய் நிற்கும் சிலுவை உருவம். நம் முன்னோர் அதைத் திரிசங்கு என்றனர். ஐரோப்பிய மாலுமிகள் தென்சிலுவை என்றனர். அது சிலுவை போலிருப்பதால் நமக்கென்று வைக்கப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு செய்தி என்னை விட்டு நீங்குவதில்லை. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை பம்பரம்போல் மெல்லச் சுழல்வதால் வானம் இடம் மாறுகிறது. ஆண்டவர் வாழ்ந்த நாட்களில் அந்த நான்கு விண்மீன்களும் எருசலேமின் தென் அடிவானத்தில் தாழ எழுந்தன. இன்று அங்கே அவ்வுருவம் முழுமையாய் எழுவதில்லை. நமக்கு எழுகிறது. அதன் கிழக்கே நிற்கும் இரண்டு ஒளிமிக்க விண்மீன்களில் ஒன்று ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பம். ஒளி அங்கிருந்து வர நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல். சிலுவைக்கு மேற்புறம், சற்றுக் கிழக்கே, ஒமேகா சென்டாரி என்னும் மங்கிய உருண்டை. ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்களின் கூட்டம். என்னுடைய பைனாகுலரில் அது ஊதிய பஞ்சு போலத் தெரியும். அது தென்படுவது நம் விளக்கு எரியும் திசையில்.

இனி என் வேண்டுகோள். விளக்கைக் கழற்றிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மணிக்கட்டு முறிந்த சகோதரிக்கு அது பொறுப்பற்ற பதிலாகும். அந்த விளக்கை வெளியே பார்க்கும்படி அல்லாமல், மேலே தகட்டு மூடி வைத்து, படிகளின்மேல் மட்டும் கீழ்நோக்கி விழும்படி திருப்பலாம். வெள்ளை பல்புக்குப் பதில் மஞ்சள் பல்பு, குறைந்த வாட்டில் போதும். கடைசி ஆள் இறங்கிய பின், ஒன்பது மணிக்கு அணைக்கலாம்; அணைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். செவ்வாய்க்கிழமை விளக்கை அளித்த குடும்பத்தாரைச் சந்தித்தேன். மூத்த மகன் முதலில் முகம் கொடுக்கவில்லை. "அம்மா பேரைப் போட்ட விளக்கை அணைக்கிறதா, ஐயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவரை வற்புறுத்தவும் எனக்கு உரிமையில்லை. ஒருநாள் இரவு பாறைக்கு வாருங்கள் என்று மட்டும் அழைத்தேன். பார்க்கலாம் என்றார்.

கமிட்டி ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடுகிறது. அதற்குமுன், வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். யானை நடமாட்டம் இல்லை என்று வனத்துறை ஊழியர்களிடம் கேட்டு உறுதிசெய்த பின்பே பாறைக்குப் போவோம். பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டிக்கொண்டு வாருங்கள். சிவப்பு ஒளி கண்ணின் பழக்கத்தை அவ்வளவாய்க் கெடுப்பதில்லை. பனி இறங்கும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிகளை வெஸ்ட்ரியில் வைத்துவிடலாம்.

பெரியவரும் வருகிறார். மே மாதத்துச் சிலுவையைப் பார்க்கும்வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பேரன் இப்போது அறுமீனில் ஏழு எண்ணுகிறான், தாத்தா நம்பவில்லை.